வெயிலில் விரிந்த குடை

செண்பகத்தக்காளின் காதில் விழுந்த சேதி பொழுது சாய்வதற்குள் தெருக்கோடியைத் தொட்டுவிடும் என்பது ஊரறிந்த விஷயம். போன ஐப்பசியில், பாலத்தடிச் சாக்கடையில் ஒற்றைப் பூநாரை வந்திறங்கியதை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். மறுநாள் காலை நடைக்கு வரும் கூட்டம் மொத்தமும் கரையில் நின்று படமெடுத்தது, பிஸ்கட் வீசியது. மூன்றாம் நாள் பறவை இல்லை. இந்த ஐப்பசியில் அதே சாக்கடைத் தண்ணீரில் அது மறுபடியும் நின்றது. கரையில் நின்ற அக்காளுக்கு நாக்கு அரித்தது. அதற்குள் பக்கத்து வீட்டு நீலவேணி வந்து சேர்ந்தாள்.

"அக்கா, அங்கே என்ன வெள்ளையா?"

"பிளாஸ்டிக் கவருடி. நம்ம சனம் குப்பையை வேறெங்கே போடும்?"

கவர் கழுத்தை நீட்டியது. அக்காள் சட்டென்று கைக்குடையை விரித்து நீலவேணியின் முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள்.

"மழையாக்கா?"

"வரும்" என்றாள் அக்காள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.