ஒன்றரை அங்குலம்

ஜீப் மறுபடியும் சாய்ந்துதான் எழும்பியது.

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். மோட்டார் நின்றது. மேற்குப் பக்கம் உயரம், கிழக்குப் பக்கம் தாழ்வு. ஒற்றைச் செருப்போடு நிற்பவனைப் போல நின்றது ஜீப்.

மூன்று நாளாக இதே கதை.

மணி மூன்று. நாலு மணிக்கு லாரி வரும். வண்டி தூக்கும் இந்த லிஃப்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கோணல் லிஃப்ட் வேண்டாம் என்று லாரிக்குச் சொன்னவர் மாமனார் நாச்சிமுத்து. கார் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், காவலுக்கு வந்தவர் மாதிரி.

போனால் போனதுதான்.

கல்யாணத்துக்கு முன் அப்பாவின் பட்டறையில் ஆறு வருஷம் வண்டிக்கு அடியில் கிடந்தவள் அவள். பின் எட்டு வருஷம் அடுப்படி. போன மாதம்தான் வீட்டு ஷெட்டில் இந்த இரண்டு தூண்களும் நின்றன. இதையும் விட்டால் இனி இந்த வீட்டில் அவள் ஸ்பேனரைத் தொட முடியாது.

கணவன் காலையிலேயே மில்லுக்குப் போய்விட்டான். அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவனுக்கு வாய் கிடையாது.

முதல் நாள், எண்ணெயில் காற்று அடைத்திருக்கும் என்று வெளியேற்றினாள். இரண்டாம் நாள், இரு பக்கத்தையும் ஒன்றாக இழுக்கும் இரும்பு வடங்களை முறுக்கினாள். இரண்டும் ஒரே இறுக்கம். ஜீப் மட்டும் சாய்ந்தது.

இன்று டேப்பை எடுத்தாள். ஒவ்வொரு தூணின் அடியிலிருந்தும் தூக்கும் கை வரை அளந்தாள்.

மேற்கே நாலடி. கிழக்கே நாலடி.

மறுபடி அளந்தாள். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

குனிந்து தரையைப் பார்த்தாள்.

"லிஃப்டு சரியாத்தான் இருக்குதுங் மாமா. தரைதான் கோணல்."

அவர் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்."

கோபம் வந்தது. வரட்டும் என்று விட்டாள்.

சுவரில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் சுருண்டு தொங்கியது. கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப். ஷெட் கட்டும்போது அவரே கடைக்குப் போய் வாங்கி வந்தது. வடகிழக்கே ஈசானிய மூலை பள்ளமாக இருந்தால்தான் குடும்பம் விளங்கும் என்று, கொத்தனாரைக்கூட நம்பாமல், தரை போட்ட அன்று முழுக்க வெயிலில் நின்று வாட்டம் பார்த்தவர்.

லிஃப்ட் பொருத்த வந்தவர்கள் தூண் நேராக நிற்கிறதா என்று பார்த்தார்கள். தரையை யார் பார்ப்பார்கள்.

ஜீப்பை இறக்கினாள். டியூபில் தண்ணீர் நிரப்பினாள். ஒரு முனையை அவரிடம் நீட்டினாள்.

"மேக்காலத் தூணோட சேத்துப் புடிங்க."

பிடித்தார்.

தண்ணீர் இரு பக்கமும் ஆடி அடங்கியது. நின்ற இடத்தில் இரண்டு தூண்களிலும் சாக்பீஸ் கோடு போட்டாள். கோட்டிலிருந்து தரை வரை டேப்.

மேற்கே மூன்றடி.

கிழக்கே மூன்றடி ஒன்றரை அங்குலம்.

டேப்பை வாங்கி அவரே அளந்தார். இரண்டு முறை. அன்று அவர் வைத்த வாட்டம் அப்படியே இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டாள்.

கிழக்குத் தூணின் அடியில் இரும்புத் தகடு கொடுத்து ஒன்றரை அங்குலம் ஏற்றினால் தீர்ந்தது. பெரிய ஸ்பேனரோடு தூணின் அடியில் உட்கார்ந்தாள்.

"ஈசானியத்த உசத்துனா வூட்டுக்கு ஆகாது அம்மிணி." குரல் இறங்கியிருந்தது.

அவள் ஸ்பேனரை போல்ட்டில் மாட்டினாள்.

வாசலில் லாரி ஹாரன். நாலு ஆட்கள் இறங்கினார்கள். தூணைத் தூக்கிப் பிடிக்க நாலு பேருக்கு எங்கே போவது என்றுதான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டிட்டுப் போறதில்லீங்ணா. தூக்கிப் புடிக்கோணும், வாங்க."

அவர்கள் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் தூணில் இருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தலை நிமிரவில்லை.

"மாமா, நாலு பேருத்துக்கு டீ வெக்கோணும். நீங்களே வெச்சுருங்க. எனக்குக் கைவேலையா இருக்குது."

காலடிச் சத்தம் வீட்டுப் பக்கம் போனது.

சர்க்கரை எங்கே என்று உள்ளிருந்து குரல் வந்தது.

முதல் போல்ட் இளகியது.