எண்ணெய் ஊற்றும் பில்டர்

வில்லியனூர் உதிரிபாகக் கடையில், மதிய வெயில் விழும் மேசையின்மேல் இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் இரண்டு ஏர் பில்டர்கள் இருக்கின்றன. ஒன்று காகிதம் மடித்தது, இன்னொன்று எண்ணெய் ஊற்றும் இரும்பு டப்பா. கன்னியப்பன் இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்க்கிறான். போன மாதம் கரும்புக்காட்டுப் பாதையில் பில்டரில் புழுதி அடைத்து அவனுடைய பிக்கப் வேன் நின்றுவிட்டது. பிரசவ வலியோடு பின்னால் படுத்திருந்த தங்கை அஞ்சலை, ஆஸ்பத்திரி சேருமுன்பே பிள்ளையைப் பறிகொடுத்தாள். “இன்னாபா யோசிக்கிற? நம்ம ஊரு புழுதிக்கு எண்ணெ ஊத்தறதுதான் தாங்கும்,” என்கிறார் கடைக்காரர் கலீலுல்லா. “வழியில நிக்காதில்ல பாய்?” கன்னியப்பன் கேட்கிறான். வேனில் உட்கார்ந்திருந்த அஞ்சலை மெல்ல இறங்கி வருகிறாள். இரும்பு டப்பாவை எடுத்து அண்ணன் கையில் வைக்கிறாள். “இத்தையே மாட்டுண்ணா. பக்கத்து வூட்டு மரகதத்துக்கு வர்ற மாசம் பிரசவம். நீதான் இட்டுனு போவணும்.”