ஒரே பலவீனம்

ஆர்னல் வேறு வேலை தேடுகிறான் என்ற சந்தேகம் எனக்குத் திங்கட்கிழமையே வந்துவிட்டது. பிலிப்பைன்ஸில் எங்கள் கம்பெனியின் செபு நகரக் கிளைக்கு மேலாளர் நான். என்னிடம் மறைக்க முடியுமா? மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தனியாக முணுமுணுப்பது, கண்ணாடி முன் கையை ஆட்டிப் பார்ப்பது, இந்த அடையாளமெல்லாம் எனக்கு அத்துப்படி.

புதன்கிழமை மீட்டிங் அறைக் கதவில் காதை வைத்தேன். உள்ளே அவன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆறு வருஷம் ஒண்ணா வேலை செஞ்சோம். நிறையக் கத்துக்கிட்டேன். பிரியறது கஷ்டம்தான்..."

கதவைத் தள்ளினேன். "எந்தக் கம்பெனிடா? உண்மையைச் சொல்லு!"

"ஐயோ, நான் எங்கேயும் போகல சார்!"

"அப்போ இது என்ன, ஜெபமா?"

கையிலிருந்த தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். பிடுங்கிப் பார்த்தேன். 'ரெமிகியோ சாருக்கு வழியனுப்பு உரை' என்று என் பெயர்தான் இருந்தது.

"நான் போறேன்னு யாருடா சொன்னது?"

"உங்க பயோடேட்டாவை ஜெராக்ஸ் மெஷின்லயே விட்டுட்டீங்க சார். வெள்ளிக்கிழமை விருந்துக்குப் பன்சிட் நூடுல்ஸ்கூடச் சொல்லியாச்சு."

"அது... பழைய காகிதம்."

"இந்த மாசத் தேதி போட்டிருந்துச்சே சார். அதோட, தினமும் கார்ல உட்கார்ந்து இன்டர்வியூவுக்குப் பேசிப் பழகுறீங்களாமே. வாட்ச்மேன் பெர்டிங் அண்ணன் எங்களுக்கு நடிச்சே காட்டினாரு."

"என்னன்னு?"

ஆர்னல் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் குரலிலேயே சொன்னான்.

"என்னோட ஒரே பலவீனம், எல்லாரையும் சட்டுனு நம்பிடுவேன்!"