நாலாவது வட்டம்

“எம்மவன் வட்டத்துக்குள்ள இருக்கானா இல்லையா? அதை மட்டும் சொல்லு லட்சுமி” என்றாள் முத்தாயி அத்தை.

“நடுவுலதான் இருக்காரு அத்தே” என்றாள் லட்சுமி.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த, வட்டம் போட்டு விளக்கும் கணங்கள் என்ற கணக்குப் பாடத்தை நடத்திப் பழக, ஆசிரியை லட்சுமி வாங்கிய கரும்பலகையில்தான் அந்த வட்டங்கள். மகனுக்குப் பெண் கேட்டு கேம்பல் லேன் வீட்டுக்கு வந்த தன் அக்கா முத்தாயியிடம், லட்சுமியின் அப்பா மாணிக்கம்தான் இந்த விளையாட்டை ஆரம்பித்து வைத்தார். தெரிந்த பையன்கள் ஆளுக்கொரு புள்ளி. மாப்பிள்ளைக்கு வேண்டிய தகுதி ஒவ்வொன்றும் ஒரு வட்டம். எல்லா வட்டத்துக்கும் பொதுவான இடத்தில் நிற்பவனே மாப்பிள்ளை.

அத்தை மகன் கோவிந்தசாமிக்குத்தான் முதல் உரிமை. அவனை வேண்டாம் என்று சொல்ல அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வாய் வராது. ஆனாலும் லட்சுமி, புள்ளிகளோடு புள்ளியாக, தன் மனசுக்குப் பிடித்த மருதப்பனையும் வைத்திருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று மட்டும் சொன்னாள்.

அரசாங்க வேலை, சிகரெட் பிடிக்காதவர், தமிழும் இங்கிலீஷும் படித்தவர் என்று மூன்று வட்டம் போட்டாயிற்று. மற்றவர்களெல்லாம் வெளியே போய், நடுவில் மிஞ்சியது கோவிந்தசாமியும் மருதப்பனும்தான். அடுத்த வட்டம் யாரைத் தள்ளுமோ என்று லட்சுமி அப்பாவைப் பார்த்தாள்.

மாணிக்கம் தாடையைத் தடவிக்கொண்டு, பெண்ணும் வேலைக்குப் போகிறவள், அதனால் பையனுக்குச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று இழுத்தார்.

அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்னடா பேசுற? ஒரு தேத்தண்ணி போடத் தெரியுமா எம்மவனுக்கு? அடுப்படிப் பக்கமே விடாம ராசா மாதிரி வளர்த்திருக்கேன் லா.”

“அப்ப அவன் வெளிய போயிட்டானேக்கா” என்றார் மாணிக்கம், வருத்தமாக.

அத்தை பலகையையே வெறித்துப் பார்த்தாள். அந்த வாத்தியார் மட்டும் என்னத்தைச் சமைத்துக் கிழிப்பானாம் என்று கேட்டாள்.

“மீன் குழம்பு பிரமாதமா வைப்பாரு” என்ற லட்சுமி, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். லட்சுமி மெல்ல அப்பா பக்கம் வந்து, மருதப்பன் நடுவில் மிஞ்சியது ஏதோ தற்செயலாக அமைந்துவிட்டது என்று ஆரம்பித்தாள்.

“போதும், நடிக்காத” என்றார் அப்பா, தாழ்ந்த குரலில். “போன ஞாயித்துக்கிழமையே அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ப் பேசி முடிச்சுட்டேன். அவன் வச்ச மீன் குழம்பைச் சாப்பிட்டுட்டு வந்துதான் நாலாவது வட்டத்தையே யோசிச்சேன்.”