கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

"பைத்தியமாக்கா உனக்கு? ஊர்ல வேற ஸ்கூலே இல்லையா?"

தம்பி கணினித் திரையை அக்கா பக்கம் திருப்பினான். பள்ளிகளின் கணக்கு மதிப்பெண்களை அலசுவது அவன் வேலை. திரை முழுக்கப் புள்ளிகள். குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஸ்கூல். பசங்க சேரும்போது எவ்வளவு கணக்கு தெரியும், ரெண்டு வருஷம் கழிச்சு எவ்வளவு தெரியும், ரெண்டையும் வெச்சுப் போட்டது. அந்தக் கோடு சராசரி. கோட்டுக்கு மேல இருந்தா ஸ்கூல் தூக்கி விடுது. கீழ இருந்தா அமுக்குது."

"நான் சொன்னது எங்க?"

அவன் விரல் இறங்கி இறங்கித் திரையின் விளிம்பில் நின்றது.

"அடேயப்பா, தரையிலயே உக்காந்திருக்கு."

"சிரிக்காதே. இதோ, உச்சியில இருக்கு பார். வீட்லேர்ந்து நடந்தே போயிடலாம். இதுல சேர்ந்துட்டா கண்ணை மூடிக்கிட்டு இருக்கலாம்."

"கண்ணை மூடிக்கிட்டு இருக்கவா ஸ்கூலுக்குப் போறது?"

"நீ சொல்ற இடத்துக்கு ரெண்டு பஸ் மாறணும். முதல் நாளே அழுதுட்டு வர வேண்டியதுதான். மாமா என்ன சொல்றார்?"

"உன்னைக் கேட்டுக்கச் சொல்லி நழுவிட்டார்."

"விவரமான மனுஷன்."

"இன்னைக்குப் பதில் சொல்லலைன்னா ஆபீஸ்லயே எதுலயாவது தள்ளி விட்டுடுவாங்கடா."

அவள் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அங்க படிக்கிற பசங்க மக்கா?"

"சேச்சே. சேரும்போது மத்த பசங்க மாதிரிதான் இருக்காங்க. வீட்டு வசதி, அப்பா அம்மா படிப்பு எல்லாத்தையும் கழிச்சுப் பார்த்துட்டேன். குறை ஸ்கூல்லதான்."

"நிச்சயமா?"

"என்கிட்டயேவா?"

"அப்ப சரி."

கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அவசரப்படாதேக்கா, நல்லா யோசி."

அவள் அவனைக் கையமர்த்தினாள்.

"ஆமா சார், அதே ஸ்கூல்தான்... தெரியும் சார், யாரும் கேட்டு வாங்கிப் போக மாட்டாங்கதான்... அங்க கணக்கு டீச்சர் இடம் ரெண்டு வருஷமா காலின்னு சொன்னீங்களே, அதுல என்னைப் போட்டுடுங்க."