நடக்காத பிக்கு

மழை பிடித்துக்கொண்டதும், பாதயாத்திரை வந்த பிக்கு வழியிலிருந்த மடத்திலேயே தங்கிவிட்டார். ஈரத்தில் வெளியே வரும் புழு பூச்சிகள் மிதிபடக் கூடாதென்று மூன்று மாதம் நடக்காமலிருப்பது பிக்குகளின் வழக்கம்.

"இனிப் பயமில்லை, தைரியமா வாடா தம்பி" என்று மண்புழுவைப் பாதைக்குக் கூப்பிட்டது நத்தை.

இரண்டும் நடுப்பாதைக்கு வந்தபோது, பிக்குவைத் தரிசிக்க ஊரே திரண்டு வந்தது. நத்தை ஓட்டோடு நசுங்கியது. மண்புழுவுக்கு வால் போயிற்று.

தரிசனம் முடிந்து திரும்பிய ஒருத்தி, குதிகாலில் ஒட்டியிருந்த ஓட்டுச் சில்லைப் புல்லில் தேய்த்தபடி, "புழுவுக்குக்கூட இரங்குறாரே, மகான்!" என்று கண் கலங்கினாள்.

நத்தை கிடந்த இடத்தருகே மண்புழு முனகியது: "அண்ணே, அவர் நடந்திருந்தா வெறும் ரெண்டு கால்தானே!"