போதகர் எடுத்த தலைப்பு

போதகர் கண்ணாடி முன் நின்று பிரசங்கத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் அங்கிக்கு இஸ்திரி நடந்தது. அங்கிருந்து கேள்வி வந்தது.

"கன்னிப் பிறப்பைப் பத்தி இன்னைக்கே பேசணுமா? அடுத்த மாசம் பேசினா ஆகாதா?"

"அடுத்த மாசம் நான் லீவு."

"மேடை ஏறினதுமே சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அப்புறம் காது கொடுத்துக் கேப்பாங்க."

"முதல் வரிசையில உக்காந்து முழிக்கப் போறது நான்தானே."

ஆலயம் நிறைந்திருந்தது. போதகர் மெல்லப் படியேறி, "இன்னைக்குத் தலைப்பு, கன்னி பெற்ற பிள்ளை" என்றார். முதலில் பாடகர் குழு குலுங்கியது. பிறகு சபையே சிரித்தது. இஸ்திரி போட்ட அங்கியை முட்டிக்கொண்டு நின்றது போதகரின் நிறைமாத வயிறு.

அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"இந்தப் பிள்ளை எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். முதல் வரிசையில முகத்தை மூடிக்கிட்டிருக்கிற என் வீட்டுக்காரருக்கும் தெரியும். இதுல எங்க ஆசை, எங்க முயற்சி எல்லாம் இருக்கு. மரியாளோட பிள்ளையில எந்த மனுஷனோட முயற்சியும் இல்ல. நாம உழைச்சு வாங்கவே முடியாததைக் கடவுள் சும்மா கொடுத்தாரு. இன்னைக்கும் அவர் நம்மகிட்ட அப்படித்தான் வர்றாரு. மரியாள் செஞ்சதெல்லாம், சரின்னு சொன்னதுதான்."

சிரிப்பு அடங்கிச் சபை அசையாமல் இருந்தது. அவள் சட்டென்று பிரசங்க பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமென். மிச்சத்தை இன்னொரு நாள் பேசிக்கலாம்" என்றாள். "ஏங்க, வண்டியை எடுங்க."